சுவருக்குப் பின்னால் போடும் ஜல்லிக்கும் உபயம் கேளுங்கள்

நெகிரி செம்பிலான் தோட்டக் கோயில் நிர்வாகக் குழுக்களுக்கும் தோட்டத் தமிழ்ப்பள்ளிக் கட்டடக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்



ரந்தாவ், லிங்கி, சிலியாவ் பக்கம் போனாலும், லாபு, நீலாய் பக்கம் போனாலும், உள்ளே பகாவ், ஜெம்போல், கெமாஸ் வரை போனாலும் நம் கோயில்களும் பள்ளிகளும் பல இடங்களில் சரிவை ஒட்டித்தான் நிற்கின்றன. மேட்டை வெட்டிச் சமன் செய்து மண்டபம் எழுப்புகிறோம். பள்ளத்தில் மண் கொட்டி உயர்த்தி, பிள்ளைகள் வரிசையில் நிற்க இடம் செய்கிறோம். வெட்டிய பக்கத்திலோ கொட்டிய பக்கத்திலோ செங்கல்லில் ஒரு தடுப்புச் சுவர் வருகிறது. இந்தச் சுவரைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். தோட்டத்தில் பிறந்து, கட்டட மேற்பார்வை வேலையிலேயே காலத்தைக் கழித்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

திருப்பணிக் கூட்டங்களில் சுவரைப் பற்றி என்ன பேசுகிறோம் என்று நினைத்துப் பாருங்கள். எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம், முன்பக்கம் டைல்ஸா சாயமா, கல்வெட்டில் யார் யார் பெயர். அதற்குமேல் பேச்சு போவதில்லை. சுவருக்குப் பின்னால் எந்த மண்ணைக் கொட்டுவது, செங்கல்லை எந்தக் கலவையில் வைப்பது என்ற இரண்டு கேள்விகளும் கூட்டத்துக்கே வருவதில்லை. குத்தகையாளர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம். அவர் கையில் என்ன மண் கிடைக்கிறதோ அது பின்னால் போகிறது. அன்றைக்கு மண்வெட்டியில் எத்தனை வாரினார்களோ அதுதான் கலவை. சுவர் நிற்பதும் சாய்வதும் இந்த இரண்டிலும்தான் இருக்கிறது. சுவருக்கு ஒதுக்கும் பணத்தில் கணிசமான பங்கு பின்பக்கத்துக்குப் போக வேண்டும் என்று உங்கள் குழு தீர்மானம் போட வேண்டும். அதைக் கேட்கவே இந்த மடல்.

முதலில் சுவரைத் தள்ளுவது எது என்று பார்ப்போம். ஒன்றரை மீட்டர் உயரச் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருப்பது காய்ந்த, மணற்பாங்கான மண் என்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அது ஏறக்குறைய 700 கிலோ விசையோடு தள்ளுகிறது. அதே மண்ணுக்குள் மழைநீர் இறங்கி, வெளியேற வழியில்லாமல் சுவரின் தலைவரை நிறைந்துவிட்டால் தள்ளும் விசை ஒன்றரை டன்னுக்கு அருகில் போய்விடுகிறது. அதில் முக்கால் பங்கு வெறும் தண்ணீரின் அழுத்தம். மண் தன் உராய்வால் தன்னையே ஓரளவு தாங்கிக்கொள்ளும். தண்ணீருக்கு அந்தக் குணம் கிடையாது. களிமண்ணாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஈரம் குடித்து உப்பும், வெயிலில் சுருங்கிப் பிளக்கும், அந்தப் பிளவில் அடுத்த மழை நேராக இறங்கும்.

உயரம் கூடக்கூட இது எப்படி ஏறுகிறது என்பதையும் குழுவில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். உயரம் இரு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. சுவரைக் கவிழ்க்கும் திருப்புவிசை எட்டு மடங்கு. "இன்னும் நாலு வரி ஏற்றிவிடலாம்" என்று யாராவது எளிதாகச் சொல்லும்போது இந்தக் கணக்கை நினைவூட்டுங்கள்.

இந்தக் கணக்கின் அடிப்படையை முறையாக எழுதி வைத்தவர் கூலோம் என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர். 1760-களில் கரீபியக் கடலில் உள்ள மார்த்தினிக் தீவில் கோட்டை கட்டும் பணியில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பி, 1773-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் வாசித்த கட்டுரை அது, 1776-இல் அச்சேறியது. நம்மைப் போலவே கொட்டும் மழையும் கொளுத்தும் வெயிலும் உள்ள தீவு. அடுத்த நூற்றாண்டின் நடுவில் நம்மவர்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனதும் அதே மார்த்தினிக்குக்குத்தான்.

தண்ணீரைக் கவனிக்காத சுவர் என்ன செய்யும் என்பதற்கு இந்த நாடு மறக்க முடியாத சாட்சி ஒன்றை வைத்திருக்கிறது. 1993 டிசம்பர் 11-ஆம் தேதி, சிலாங்கூர் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் 12 மாடிக் கட்டடங்களில் ஒன்று சாய்ந்து விழுந்தது. 48 பேர் இறந்தார்கள். பின்புறச் சரிவில் அடுக்கடுக்காகக் கல் தடுப்புச் சுவர்கள் இருந்தன. மேலிருந்து வரும் ஓடையைக் குழாயில் திருப்பி விட்டிருந்தார்கள். வடிகால் ஒழுங்காக இல்லை. நாள்கணக்கில் பெய்த மழையில் சரிவு ஊறியது, சுவர்கள் போயின, பிறகு கட்டடம் போனது. தமிழ்நாட்டில், மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2-ஆம் தேதி விடியற்காலை, சுமார் 20 அடி உயரச் சுற்றுச்சுவர் ஒன்று மழையில் சரிந்து பக்கத்து வீடுகளின்மேல் விழுந்தது. உறக்கத்தில் இருந்த 17 பேர் இறந்தார்கள். சுவரை எழுப்பியவர் வேறு, அதன் அடியில் தூங்கியவர்கள் வேறு. உங்கள் சுவரின் அடிவாரத்தில் யார் இருப்பார்கள்? அன்னதானப் பந்தியில் உட்கார்ந்தவர்கள், சிற்றுண்டிக் கூடத்துக்கு ஓடும் பிள்ளைகள், நிழலுக்காகச் சுவரோரம் அமர்ந்த பாட்டிமார்கள்.

இனி மண்ணுக்கு வருவோம். நெகிரி செம்பிலானில் வெட்டும் இடமெல்லாம் பெரும்பாலும் பாறை மக்கி உண்டான மண்தான். கருங்கல் பாறை மக்கிய இடத்தில் சொரசொரப்பான மணலும் களியும் கலந்து வரும். சிரம்பானைச் சுற்றித் தகட்டுப் பாறை மக்கிய இடங்களில் மைக்கா மினுமினுக்கும் மண் வரும். கையில் எடுத்தால் வழுவழுப்பாக இருக்கும், ஈரமானால் வழுக்கும். வேறு சில இடங்களில் சிறு கற்கள் நிறைந்த செம்பொறை மண் வரும். சரிவை வெட்டும்போது வந்த மண்ணையே சுவருக்குப் பின்னால் தள்ளிவிடுவதுதான் வழக்கம், ஏனென்றால் அது இலவசம். செம்பொறை மண்ணை, சுவரை ஒட்டி வரும் ஜல்லி அடுக்குக்குப் பின்னால் போடலாம். மைக்கா மண்ணையும் வழவழப்பான களியையும் சுவரை ஒட்டிப் போடவே கூடாது.

எந்த மண் என்று சொல்லச் சோதனைச்சாலை தேவையில்லை. ஒரு பிடி ஈர மண்ணை உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். நூலாகத் திரிக்க முடிந்தால் களி அதிகம். பிறகு கண்ணாடிப் போத்தலில் பாதி மண், மீதி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வையுங்கள். மணல் சீக்கிரமே அடியில் படியும். அதன்மேல் வண்டல், அதற்கும் மேல் மெல்லிய களி. மணல் பட்டை ஒல்லியாகவும் மேலே உள்ள பட்டை தடிப்பாகவும் இருந்தால், அந்த மண் தண்ணீரை விடாது. பள்ளியாக இருந்தால் இதை அறிவியல் பாடத்திலேயே பிள்ளைகளைச் செய்யச் சொல்லலாம்.

நம் தோட்டங்களுக்கே உரிய சில பொருள்களும் சுவருக்குப் பின்னால் போய்விடுகின்றன. சரிவைச் சுத்தம் செய்தபோது கிடைத்த பழைய ரப்பர்க் கட்டைகள், செம்பனை அடிமரம், ஆலையிலிருந்து வரும் வெற்றுக் குலைகள், கொதிகலன் சாம்பல், பழைய மண்டபத்தை இடித்த பூச்சுத் துண்டுகள். மரமும் குலையும் மக்கும்போது உள்ளே குழி விழும். மேலே போட்ட சிமெண்டுத் தரை அமுங்கி விரியும். விரிசல் வழியே மழை நேராக உள்ளே இறங்கும். கறையானும் அங்கேதான் குடியேறும். பழைய பூச்சில் ஜிப்சம் கலந்திருந்தால் அதிலுள்ள சல்பேட் ஈரத்தில் கரைந்து, கலவையில் உள்ள சிமெண்டைத் தாக்கி ஊதவைத்துப் பொடியாக்கும். போர்ட்டிக்சன், லிங்கி பக்கத்துத் தாழ்நிலச் சதுப்பிலிருந்து கரிய சேற்று மண்ணை இலவசமாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். மேற்குக் கரையோரச் சதுப்பு மண் சிலவற்றில் காற்றுப் பட்டதும் கந்தக அமிலம் உண்டாகும்.

அப்படியானால் எதைப் போடுவது? சுவரை ஒட்டி, அடியிலிருந்து மேல்வரை, குறைந்தது ஓர் அடி அகலத்துக்குத் துப்புரவான உடைகல் ஜல்லி. லோரிக்காரரிடம் முக்கால் இஞ்சுக் கல் என்று கேட்டால் கொடுப்பார். தூசி கலந்த கிரஷர் ரன் சாலைக்கு நல்லது. இங்கே அதிலுள்ள தூசி அடைத்துக்கொள்ளும். ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவில் ஜியோடெக்ஸ்டைல் என்ற வடிகட்டும் துணி போட வேண்டும். தண்ணீர் அதைத் தாண்டும், மண் தாண்டாது. அடியில், சுவரின் நீளத்துக்கும், ஓட்டை போட்ட 4 இஞ்சுக் குழாய் ஒன்றைச் சிறு சரிவோடு கிடத்தி, அதன் முனை வெளியே கால்வாயில் திறக்குமாறு விடுங்கள். மேலே கடைசி ஓர் அடிக்கு மட்டும் களிமண்ணை இறுக்கி மூட வேண்டும். அங்கே களிமண் நமக்கு நண்பன், மழைநீரை உள்ளே விடாது. அதற்கும் மேலே, சரிவிலிருந்து வரும் நீரைப் பிடித்து ஓரமாகக் கொண்டுபோகும் கால்வாய்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் உயரம் உள்ள சுவருக்கு ஓர் அடி அகல ஜல்லி என்றால் 6 கன மீட்டர், ஏறக்குறைய 9 டன். அவ்வளவுதான். கோபுரச் சிற்பத்துக்கும் தூணுக்கும் மின்விசிறிக்கும் உபயதாரர்கள் முன்வருகிறார்கள். ஜல்லிக்கும் துணிக்கும் குழாய்க்கும் உபயம் கேளுங்கள். கேட்டால் கொடுப்பார்கள் என்பது என் நம்பிக்கை. கல்வெட்டில் "வடிகால் அடுக்கு உபயம்" என்று பெயர் பொறியுங்கள். மண்ணுக்குள் மறைந்து கிடந்து பிள்ளைகளைக் காக்கும் கொடைக்கு அந்த மரியாதை தகும்.

நிரப்பும் முறையிலும் தவறுகள் நடக்கின்றன. மண்ணை ஒரே மூச்சில் டிராக்டரில் கொட்டி நிரப்பக்கூடாது. 6 இஞ்சு அடுக்காகப் பரப்பி, கையால் இயக்கும் இடிப்பானால் இறுக்கி, அடுத்த அடுக்கு. சுவரிலிருந்து ஒரு மீட்டருக்குள் உருளையோ மண்வாரி எந்திரமோ வரவே கூடாது; அதன் எடை பச்சைச் சுவரைத் தள்ளிவிடும். கடைசிக் கல்லை வைத்த மறுநாளே மண் தள்ளும் அவசரம் திருவிழா நெருங்கும்போதெல்லாம் வருகிறது. குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் நான்கு வாரம் பொறுங்கள். போர்ட்டிக்சன் பக்கத்துக் கோயில் ஒன்றில் இரண்டே நாளில் மண்ணை ஏற்றியதைப் பார்த்தேன். அன்றிரவு மழை. காலையில் சுவர் நின்றுகொண்டுதான் இருந்தது, ஆனால் நடுவில் வயிறு தள்ளியிருந்தது. பூசி மறைத்தார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் அதே இடத்தில் உடைந்தது. நல்லவேளை, நள்ளிரவில்.

சுவரில் தண்ணீர் வெளியேறும் துளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 3 இஞ்சுக் குழாய்களை ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக, வெளிப்பக்கம் சற்றே சாய்வாக, தரைமட்டத்துக்குச் சற்று மேலே பதிப்பது வழக்கம். பின்பக்கத்து வாய் ஜல்லியைத் தொட வேண்டும். பல இடங்களில் குழாயின் பின்வாயைக் களிமண் அடைத்திருக்கும், அல்லது பூச்சு வேலையின்போது முன்வாயையே கலவையால் மூடியிருப்பார்கள், பார்க்க அழகாக இல்லையென்று.

பெருமழை பெய்து ஓய்ந்ததும் குடையை எடுத்துக்கொண்டு போய் இந்தத் துளைகளைப் பாருங்கள். தெளிந்த நீர் வந்தால் உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது. கலங்கிய நீர் வந்து, துளைக்குக் கீழே சுவரில் செம்மண் தாரை படிந்து, அதில் மைக்கா மின்னினால், வடிகட்டுத் துணி இல்லை அல்லது கிழிந்துவிட்டது என்று பொருள். சுவருக்குப் பின்னால் மண் கரைந்து வெளியேறிக்கொண்டிருக்கிறது. மேலே போய்ப் பார்த்தால் தரை எங்காவது அமுங்கியிருக்கும். மழையிலும் ஒரு சொட்டும் வராத துளைதான் மூன்றிலும் ஆபத்தானது. தண்ணீர் உள்ளே நிற்கிறது. அப்போது துளைகளை விட்டுவிட்டுச் செங்கல் இணைப்புகளைப் பாருங்கள். வெண்மையாக உப்புப் பூத்திருக்கும். கீழிருந்து எந்த உயரம் வரை அந்த வெண்மை ஏறியிருக்கிறதோ, ஏறக்குறைய அந்த உயரம் வரை உள்ளே ஈரம் தேங்கியிருக்கிறது. சாயம் பூசி மூடுவதற்கு முன்னால் அந்தக் கோட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கலவைக்கு வருகிறேன். சாதாரண வீட்டுச் சுவரில் கலவையின் வேலை எடையைக் கீழே இறக்குவது. தடுப்புச் சுவரில் அதற்கு வேறொரு வேலையும் உண்டு: கல்லும் கல்லும் பிரிந்து திறக்காமல் பிடித்துக்கொள்வது. ஒரு மீட்டர் உயர ஒன்பது இஞ்சுச் சுவரைக் காய்ந்த மண் கவிழ்க்கப் பார்க்கும் விசையில் ஏறக்குறைய பாதியைத்தான் சுவரின் எடை எதிர்க்கும். மீதியைக் கலவையின் பிடிதான் தாங்குகிறது. பதின்மூன்றரை இஞ்சாக்கினால் எடையும் விசையும் சமமாகிச் சுவர் விளிம்பில் நிற்கும். தண்ணீர் நிறைந்தால் விசை இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடும். ஆகவே அடியில் சுவரின் அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையக்கூடாது. மேலே போகப்போகப் படிபோலக் குறைக்கலாம். நாலரை இஞ்சுச் சுவரை மண்ணுக்கு எதிரே நிறுத்துவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பிரிட்டிஷ் நெறிமுறை 5628 நம் நாட்டுப் பொறியாளர்களுக்கு நெடுங்காலம் பழக்கமாக இருந்தது; 2010-இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. மண்ணைத் தாங்கும் செங்கல் சுவருக்கு அது சொன்னது இரண்டு வலுவான கலவைகளைத்தான். ஒன்று, சிமெண்டு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. மற்றது, சிமெண்டு ஒன்று, சுண்ணாம்பு அரை, மணல் நான்கிலிருந்து நாலரை. வீட்டுச் சுவருக்கு வழக்கமாகப் போடும் ஒன்றுக்கு ஆறு இங்கே செல்லாது. ஈரத்தில் கரைந்து, விரலால் சுரண்டினாலே உதிரும். மண்ணுக்குள் இருக்கும் அடிவரிசைகளுக்கு ஒன்றுக்கு மூன்றும், அதற்குமேல் சுண்ணாம்பு சேர்ந்த கலவையும் என்பது என் தேர்வு. சுண்ணாம்புக் கலவை கல்லோடு நன்றாக ஒட்டும், சுருங்கி விரிவது குறைவு, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் நம் வெயிலில் சீக்கிரம் வறளாது. சிமெண்டை அள்ளிப் போட்டால் சுவர் உறுதியாகும் என்று நினைத்து ஒன்றுக்கு இரண்டாகக் கலக்கச் சொல்லும் பொருளாளர்களும் உண்டு. நல்ல மனசுதான், ஆனால் அந்தக் கலவை காயும்போது சுருங்கி மயிரிழை விரிசல்களாகப் பிளந்து தண்ணீருக்கு வழி விடும்.

சிமெண்டு மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். பூச்சுக்கும் கல் வைக்கவும் என்று மலிவாக விற்கும் சிமெண்டில் கலப்புப் பொருள் சேர்ந்திருக்கும். மேலே சொன்ன பங்குகள் சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கானவை. மணலில் உப்பு இருக்கக்கூடாது. போர்ட்டிக்சன் கடற்கரை எவ்வளவு பக்கமானாலும் அந்த மணல் வேண்டாம். ஆற்று மணலோ பழைய ஈயச் சுரங்க மணலோ வாங்குங்கள். அதையும் போத்தலில் குலுக்கிப் பாருங்கள். மேலே படியும் வண்டல் மணலின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொட்டால் கழுவ வேண்டும், அல்லது திருப்பி அனுப்ப வேண்டும்.

அளவு மண்வெட்டியில் வராது. ஒரு மண்வெட்டி சிமெண்டும் ஒரு மண்வெட்டி ஈர மணலும் ஒரே அளவு அல்ல. தச்சரிடம் சொல்லி உள்ளளவு 35 சென்டிமீட்டர் நீளம், 33 அகலம், 30 உயரத்தில் அடி இல்லாத மரப்பெட்டி ஒன்று செய்துகொள்ளுங்கள். 50 கிலோ சிமெண்டு மூட்டை ஒன்று ஏறக்குறைய அந்தப் பெட்டி அளவுதான் வரும். அப்புறம் எல்லாம் எளிது: ஒரு மூட்டைக்கு மூன்று பெட்டி, அல்லது நாலரைப் பெட்டியும் அரைப்பெட்டிச் சுண்ணாம்பும். ஈர மணல் உப்பி நிற்கும். காய்ந்த மணலைவிடக் கால் பங்குவரை கூடுதல் இடத்தை அடைக்கும். மழைக்குப் பின் கலக்கும்போது அதற்கேற்ப மணலைச் சற்றுக் கூட்டுங்கள். கலவை வழுக்க வேண்டும் என்று பாத்திரம் கழுவும் திரவத்தை ஊற்றும் பழக்கம் பல வேலைத்தளங்களில் இருக்கிறது. அது கலவைக்குள் காற்றுக் குமிழிகளை நிரப்பிப் பிடியைக் குறைக்கிறது. சுண்ணாம்பு இருந்தால் அந்த வழுக்கல் தானே வரும். கலக்கிய கலவையை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்து, இறுகிக் கிடப்பதில் தண்ணீர் ஊற்றிக் கிளறி மறுபடி வைப்பதைப் பார்த்தால் நிறுத்தச் சொல்லுங்கள். சுவரில் அந்த வரிசையைப் பின்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

செங்கல் நன்றாக வெந்திருக்க வேண்டும். ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். 24 மணி நேரம் ஊறவைத்து எடை பார்த்தால் அதிகம் தண்ணீர் குடிக்காத கல்லே ஏற்றது. தன் எடையில் நூற்றுக்கு ஏழுக்குள் குடிப்பது கிடைத்தால் அருமை. கிடைக்காவிட்டால் சுவரின் பின்முகத்தைப் பூசித் தார்ப்பூச்சு கொடுத்துவிட்டு ஜல்லியைப் போடுங்கள். சிமெண்டுக் கல்லைச் சுவருக்கு எடுத்தால் 6 மீட்டருக்கு ஓர் இடைவெளி இணைப்பு வேண்டும். சுட்ட செங்கல்லுக்கு 12 மீட்டர்வரை போகலாம்.

ஒன்பது இஞ்சுச் சுவர் என்று சொல்லிவிட்டு, நாலரை இஞ்சுச் சுவர் இரண்டை ஒட்டி ஒட்டி நிறுத்திவிடும் வேலையும் நடக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாக் கல்லும் நீளவாக்கிலேயே தெரியும். அப்படித் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். குறுக்கே படுத்து இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கட்டும் கற்களின் முனை வரிசைவிட்டு வரிசை வெளியே தெரிய வேண்டும், நடு இடைவெளி முழுக்கக் கலவை இறங்கியிருக்க வேண்டும். பூச்சுக்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள். வேலை செய்பவர் இந்தோனேசியராகவோ வங்காளதேசியாகவோ இருப்பார். அவர்மேல் கோபம் வேண்டாம். யாரும் சொல்லித் தராததை அவர் எப்படிச் செய்வார்?

கோயில் சுவர் இணைப்புகளில் பறவை எச்சத்திலிருந்து அரசங்கன்று முளைக்கும். பிடுங்க மனம் வராமல் விட்டுவிடுகிறோம். விரல் தடிப்பு இருக்கும்போதே பூசை செய்து, வேரோடு எடுத்து, சுவரைவிட்டுத் தள்ளி நட்டுவிடுங்கள். மணிக்கட்டுத் தடிப்பானபின் கன்றும் பிழைக்காது, சுவரும் பிழைக்காது.

எந்தச் சுவரும் தாங்காத இடங்களும் உண்டு. 2014 அக்டோபர் 29-ஆம் தேதி இலங்கையில் பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தை தோட்டத்தில் மலையே சரிந்து லயங்களை மூடியது. நம்மைப் போலத் தோட்டத்தில் வாழ்ந்த மக்கள் அவர்கள். அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். மேலே சரிவில் பிறைபோல வெடிப்பு விழுந்தாலோ, மரங்கள் ஒரே பக்கம் சாயத் தொடங்கினாலோ, புதிதாக ஊற்றுக் கசிந்தாலோ சுவரைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு ஆட்களை அங்கிருந்து நகர்த்துங்கள். பிறகு மாவட்டப் பொதுப்பணித் துறைக்குச் சொல்லுங்கள். அந்தத் துறையில் 2004 முதல் சரிவுகளுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது.

ஒரு மீட்டருக்கு மேல் உயரம் தேவைப்பட்டால் செங்கல்லை விட்டுவிடச் சொல்வேன். பதிவு பெற்ற பொறியாளரிடம் வரைபடம் வாங்கிக் கம்பி கட்டிய கான்கிரீட்டிலோ, கம்பிவலைக் கூடைகளில் கல் அடுக்கியோ கட்டுங்கள். கல் கூடை தானே தண்ணீரை விட்டுவிடும், நம் சரிவுகளுக்கு நன்றாகவே பொருந்தும். இடம் இருந்தால் இரண்டு மீட்டர்ச் சுவர் ஒன்றுக்குப் பதில் ஒரு மீட்டர்ச் சுவர் இரண்டு, நடுவில் இரண்டு மீட்டருக்கும் குறையாத படிநிலம்விட்டு. ஒவ்வொன்றுக்கும் வரும் விசை நான்கில் ஒரு பங்குதான். படிநிலத்தில் செம்பருத்தியும் துளசியும் வைக்கலாம். நிலம் தோட்ட நிறுவனத்தின் பெயரில் இருந்தால் எழுத்தில் இசைவு வாங்குங்கள், நகராண்மைக் கழகத்தில் அனுமதி கேளுங்கள். இதில் அலைச்சல் இருக்கிறது, தெரியும். ஆனால் பொறியாளர் கையெழுத்துப் போட்ட வரைபடம் இருந்தால்தான் குத்தகையாளரைக் கேள்வி கேட்க உங்களுக்குப் பிடிமானம்.

கொட்டேஷன் வாங்கும்போது "தடுப்புச் சுவர், மொத்தம் இவ்வளவு வெள்ளி" என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். முக்கால் இஞ்சு ஜல்லி எத்தனை கன மீட்டர், வடிகட்டுத் துணி எத்தனை சதுர மீட்டர், அடிக்குழாய் எத்தனை மீட்டர், துளைகள் எத்தனை, கலவைப் பங்கு என்ன, மண் நிரப்பும்வரை எத்தனை நாள் காத்திருப்பு என்று தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஜல்லி போட்டு மண் மூடுவதற்கு முன் குழுவில் இருவர் வந்து பார்த்துப் படம் எடுத்த பிறகே அடுத்த தவணைப் பணம் என்று ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் மழை ஏப்ரலை ஒட்டியும், அக்டோபர், நவம்பரிலும் வலுக்கும். அதற்கு முந்தைய மாதக் கூட்டக் குறிப்பில், துளைகளைக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்வதும் மேல் கால்வாயில் செம்பனை ஓலையை வாருவதும் யார் பொறுப்பு என்று ஒரு பெயரை எழுதி வையுங்கள். பள்ளியாக இருந்தால் பெற்றோர் சங்கத்திலிருந்து ஒருவர், கோயிலாக இருந்தால் இளைஞர் பிரிவிலிருந்து ஒருவர்.

அன்புடன்,
உங்களோடு தோட்டத்தில் வளர்ந்த ஒரு கட்டட மேற்பார்வையாளர்
சிரம்பான்